தருமம், தம்மம், அறம்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமம் என்றால் பிச்சை போடுவது, அன்னதானம் செய்வது. இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது?

மதுரையில் அந்தச் சொல் புழங்குவதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். கோயில் வாசலில் "தர்மம் பண்ணுங்க சாமி" என்றால் காசு. கட்டணம் இல்லாத வரிசைக்குப் பெயர் தர்ம தரிசனம். அரசு மருத்துவமனையைப் பெரியவர்கள் தர்மாஸ்பத்திரி என்றார்கள். தெருவே கூடிக் கொடுக்கும் உதையைத் தர்ம அடி என்கிறோம். அதிலும் 'இலவசம்' என்ற பொருள்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 'தர்மசங்கடம்' என்று சொல்லிப் பாருங்கள், பொருள் நகர்ந்துவிடும். இரண்டு கடமைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவரின் இக்கட்டு அது. அங்கே காசுக்கும் சோற்றுக்கும் வேலை இல்லை.

கொடை என்ற பொருளைக் கொச்சை என்று ஒதுக்கவும் கூடாது. அதற்கு வயது ஈராயிரத்துக்கு மேல். மேலூர்ப் பக்கம் மாங்குளத்தை ஒட்டிய மலையில், குகை முகப்பில், தமிழை எழுதிய பழைய எழுத்தான தமிழ்பிராமியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தவற்றில் ஒன்று, பொதுவாகக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். கணி நந்தன் என்ற சமணத் துறவிக்கு, பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி துறவிகள் தங்கும் இந்தப் பள்ளியை வெட்டுவித்தான் என்பது செய்தி. அந்தக் கொடையைக் குறிக்கும் சொல் 'தம்மம்'. தமிழ் மண்ணில் இந்தச் சொல் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று அது. அங்கேயே 'கொடுத்தது' என்ற பொருளில் உட்கார்ந்திருக்கிறது.

அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கீதையையோ பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களையோ திறந்தால்தான் சிக்கல். 'தருமம் என்றால் என்ன' என்று மொத்தமாகக் கேட்டால் விடை வராது. 'இந்த வாக்கியத்தில் இருப்பது எந்தத் தருமம்' என்று கேட்டால் வரும். கீழே உள்ள விடைகள் எல்லாம் அந்தக் கேள்வியின் கிளைகள்தான்.

தர்மம், தருமம், தன்மம், தம்மம்: எது சரி?

எல்லாம் ஒரே சொல். 'தாங்கு' என்று பொருள்படும் 'த்ரு' என்ற வடமொழி வேரிலிருந்து 'தர்ம' வந்தது. பாலியில் ரகரம் அடுத்த எழுத்தோடு கரைந்துவிடும்: கர்ம கம்ம ஆகும், மார்க மக்க ஆகும், தர்ம தம்ம ஆகும். தமிழ் நூல்களில் தருமம், தன்மம். நடைமுறைக்கு ஒரு வசதி: பௌத்தம் பேசும்போது 'தம்மம்' என்று எழுதிவிட்டால் படிப்பவர் குழம்பமாட்டார். இங்கும் அப்படியே.

இந்து சமய நூல்களில் தருமம் என்பதன் பொருள் என்ன?

நூலுக்கு நூல் மாறும். வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சகர்களுக்கு அது வேதம் 'செய்' என்று ஏவியதால் அறியப்படும் நன்மை. யாகமே முதல் எடுத்துக்காட்டு. வைசேடிகம் என்ற தத்துவப் பள்ளியினருக்கு, இம்மை உயர்வும் வீடும் எதனால் கிடைக்குமோ அது. தரும சாத்திரங்களுக்கு, வருணம், ஆசிரமம் (வாழ்க்கைப் பருவம்), குடும்பம், அரசு என ஒருவர் நிற்கும் இடத்துக்கு ஏற்ற கடமை. வாழ்வின் நான்கு குறிக்கோள்களான புருஷார்த்தங்களில் முதலாவதாக நிற்கும்போது, பொருளையும் இன்பத்தையும் எல்லை மீறாமல் பிடித்து நிறுத்தும் கரை.

எதை வைத்துத் தருமத்தை முடிவு செய்வது என்பதற்கு மனுநூல் (2:12) நான்கு அளவுகோல்கள் சொல்கிறது: வேதம், ஸ்மிருதி (வேதத்தை ஒட்டி எழுந்த நெறிநூல்கள்), நல்லோர் ஒழுக்கம், தன் மனத்துக்கு நிறைவு. பலர் நான்காவதை மட்டும் பிடித்துக்கொண்டு 'மனசாட்சிதான் தருமம்' என்று முடித்துவிடுகிறார்கள். மனு அதைக் கடைசியில்தான் வைக்கிறார். முதல் மூன்றும் வழிகாட்டாதபோதே அதற்கு இடம் என்று உரைகாரர்கள் அதைக் குறுக்குவதும் உண்டு.

ஆபஸ்தம்ப தருமசூத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. தருமமும் அதருமமும் 'இதோ நாங்கள்' என்று சொல்லிக்கொண்டு ஊரில் திரிவதில்லை. தேவர்களும் கந்தர்வர்களும் முன்னோர்களும் வந்து இது தருமம், இது அதருமம் என்று அறிவிப்பதும் இல்லை. சாத்திரம் எழுதியவரே இப்படி ஒப்புக்கொள்வது இந்தத் துறையின் நேர்மை. சாத்திரத்தை ஆணியடித்த பட்டியலாக நினைப்பவர்கள் இந்த வரியை முதலில் படிக்க வேண்டும்.

சுவதருமம் என்றால் அவரவர் சாதித் தொழிலைச் செய்வதா?

பழைய நூல்கள் சொல்வதை மழுப்பக் கூடாது. 'பிறர் தருமத்தை நன்றாகச் செய்வதைவிடக் குறையோடு ஆனாலும் தன் தருமமே மேல்' என்பது கீதை (3:35). 18ஆம் அத்தியாயம் அந்தக் கடமைகளை நான்கு வருணங்களுக்குப் பிரித்தே சொல்கிறது. குணமும் செயலும் பற்றிய பிரிவு என்று 4:13ஐக் காட்டி, பிறப்போடு இதற்குத் தொடர்பில்லை என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் தரும சாத்திரங்கள் நடைமுறையில் பிறப்பையே கணக்கில் எடுத்தன. மறுபக்கம், எல்லா வருணத்தாருக்கும் பொதுவான தருமம் என்று ஐந்தை மனுநூலே (10:63) தருகிறது: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, தூய்மை, புலனடக்கம். சிறப்புத் தருமமும் பொதுத் தருமமும் மோதினால் எது வெல்லும் என்பதுதான் நெடுங்காலச் சண்டை.

அந்தச் சண்டை மதுரையில் தெருவுக்கே வந்தது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட வகுப்பாரும் நாடார் வகுப்பாரும் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். எதிர்த்தவர்கள் சாத்திரத்தைக் காட்டி 'தருமம் கெட்டது' என்றார்கள். உள்ளே அழைத்துச் சென்றவர்களும் தங்கள் செயலைத் தருமம் என்றே நம்பினார்கள். ஒரே சொல், எதிரெதிர் அணிகள். எங்கள் தீர்ப்பு வெளிப்படையானது: பொதுத் தருமத்தை அழித்து நிற்கும் சிறப்புத் தருமம் அந்தப் பெயருக்கு உரியதன்று.

பிறப்பைக் கணக்கில் எடுக்கும் வாசலையே புத்தர் மூடிவிட்டார். 'பிறப்பால் ஒருவர் இழிந்தவர் ஆவதில்லை, பிறப்பால் பிராமணர் ஆவதும் இல்லை. செயலால் ஆகிறார்' என்கிறது வசல சுத்தம் (சுத்தம் என்றால் பாலியில் புத்தரின் உரை). அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவியதற்குப் பின்னால் இந்த வேறுபாடு அழுத்தமாக இருக்கிறது.

பௌத்தத்தில் தம்மம் என்றால் புத்தரின் போதனை. அவ்வளவுதானே?

அது முதல் பொருள். 'தம்மம் சரணம் கச்சாமி' என்னும்போது போதனை, அது காட்டும் வழி, அது சேர்க்கும் இடம் மூன்றும் அதில் அடங்கும்.

இரண்டாவது, யாரும் போதிக்காவிட்டாலும் நிற்கும் நியதி. 'இது இருப்பதால் அது வருகிறது, இது இல்லாதபோது அது இல்லை' என்ற சார்பிற்றோற்றம். ததாகதர்கள் (புத்தர்கள்) தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் இந்த நியதி நிற்கும் என்கிறது சம்யுத்த நிகாயம் (நிகாயம் என்பது புத்தர் உரைகளின் தொகுப்பு). புத்தர் அதைக் கண்டவர், உண்டாக்கியவர் அல்லர். மூன்றாவது, குணம் அல்லது நல்லொழுக்கம்.

நான்காவதில்தான் தமிழ் வாசகர்கள் வழுக்கிவிழுகிறார்கள். பன்மையில் 'தம்மங்கள்' என்று வந்தால் அது பெரும்பாலும் அனுபவத்தின் கூறுகளைக் குறிக்கும். கீழவாசல் பக்கம் ஒரு ஜிகர்தண்டா வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'ஜிகர்தண்டா' என்பது நாம் வைத்த பெயர். அனுபவத்தைக் கூறுகூறாகப் பகுக்கும் பௌத்த நூல்தொகுதியான அபிதம்மத்தின் கண்ணால் பார்த்தால் அங்கே இருப்பவை: கண்ணுக்குப் பட்ட நிறம், நாவுக்குப் பட்ட சுவை, தொடுகையில் பட்ட குளிர்ச்சி (குளிர்ச்சியும் நெருப்புத் தாதுவின் ஒரு நிலையே என்று கணக்கு), அதனால் எழுந்த இன்ப உணர்வு, 'போன வாரம் குடித்தது இதே சுவை' என்று அடையாளம் காணும் குறிப்பறிவு, இன்னொரு தம்ளர் வேண்டும் என்ற பற்று. இவை ஒவ்வொன்றும் ஒரு தம்மம். தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவு இவற்றை 82 ஆக எண்ணுகிறது: சித்தம் 1, மனக்கூறுகள் 52, உருவங்கள் 28, நிப்பானம் (நிர்வாணம்) 1. இன்னொரு பிரிவான சர்வாஸ்திவாதிகள் 75 என்றார்கள். எண் மாறினாலும் நோக்கம் ஒன்று: பிரித்துப் பார்த்தால் 'குடிப்பவன் நான்' என்று தனியாக ஒருவரும் அங்கே கிடைக்கமாட்டார்.

தம்மபதம் 277, 278, 279ஐ வரிசையாகப் படியுங்கள். 'எல்லாச் சங்காரங்களும் நிலையற்றவை', 'எல்லாச் சங்காரங்களும் துக்கம்' என்று இரண்டு முறை சொன்னவர், மூன்றாவதில் சொல்லை மாற்றி 'எல்லாத் தம்மங்களும் ஆன்மா அற்றவை' என்கிறார். ஏன் மாற்றினார்? சங்காரம் என்றால் காரணங்களால் கூடி உண்டானது. நிப்பானம் அதில் சேராது, ஆனால் தம்மங்களில் சேரும். நிப்பானத்திலும் ஆன்மா இல்லை என்பதை இந்த ஒரு சொல் மாற்றம் சொல்லிவிடுகிறது. 'எல்லா அறங்களும் ஆன்மா அற்றவை' என்று மொழிபெயர்த்தால் மொத்தமும் பாழ்.

கடவுள் இல்லாமல் தம்மத்தின் கணக்கை யார் பார்ப்பார்?

யாரும் பார்க்க வேண்டியதில்லை. வேப்பங்கொட்டை போட்டால் வேம்பு முளைப்பதற்கு மேற்பார்வையாளர் தேவையில்லை. எண்ணத்தோடு செய்த செயலுக்குப் பலன் உண்டு என்பதே கம்மம். இந்து மரபில் இந்த இடத்தில் ஒரே குரல் இல்லை: பலனைத் தருபவன் ஈசுவரன் என்பது வேதாந்தமும் சைவ சித்தாந்தமும், யாகத்தின் பலன் தானே விளையும் என்பது மீமாம்சை.

"எல்லாத் தருமங்களையும் விட்டுவிடு" என்று கீதையும் சொல்கிறது, புத்தரும் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானா?

ஒலி ஒன்று, பொருள் வேறு. கீதை 18:66, 'எல்லாத் தருமங்களையும் விட்டு என் ஒருவனையே சரணடை' என்கிறது. வைணவர்களுக்கு இது சரம சுலோகம், அதாவது முடிவான சுலோகம். இதற்கு நுட்பமான விளக்கம் தந்தவர்களில் ஒருவர் பிள்ளை லோகாசாரியர். 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது திருவரங்கத்து உற்சவர் நம்பெருமாளைக் காத்துக்கொண்டு வந்து, யானைமலைக்குப் பின்னே இருக்கும் கொடிக்குளத்தில் உயிர்நீத்தார் என்பது வைணவ மரபு. 'இவற்றால் நான் கரையேறுவேன்' என்று தருமங்களை உபாயமாகப் பற்றியிருப்பதை விடுவதே இங்கே விடுதல் என்பது அவர் வழி. சந்தியாவந்தனம் பண்ணுவதையும் வாய்மையையும் கைவிடச் சொன்னதாக எடுத்துக்கொள்வது பிழை.

மச்சிம நிகாயத்தின் 22ஆம் சுத்தத்தில் புத்தர் தெப்பத்தை உவமையாக்குகிறார். ஆற்றைக் கடக்கத் தெப்பம் கட்டியவன், கரையேறிய பிறகு அதைத் தலையில் சுமந்துகொண்டு நடப்பானா? 'தம்மங்களையே விட வேண்டும் என்றால் அதம்மங்களைச் சொல்ல வேண்டுமா' என்று முடிக்கிறார். கீதையில் விட்ட கை ஒருவனைப் பற்றுகிறது. இங்கே விட்ட கை எதையும் பற்றவில்லை. இன்னொன்று, தெப்பத்தை விடுவது கரையேறிய பிறகு. நடு ஆற்றில் 'விதிகள் எல்லாம் பற்று' என்று சீலத்தை (ஒழுக்கத்தை) உதறுகிறவர் மூழ்குவார்.

அறமும் தருமமும் ஒன்றா?

பாதிக்கு மேல் ஒன்று. பரிமேலழகர் 'மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழித்தலும்' என்று அறத்துக்கு இலக்கணம் சொல்லி, இரண்டையும் ஒட்டவைத்தார். குறளோ 'மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்' (34) என்று விதிகளை விட்டு மனத்துக்குப் போகிறது. அங்கே உரையைவிட மூலம் பௌத்த, சமண ஒழுக்கத்தோடு நெருக்கமாக ஒலிக்கிறது.

மணிமேகலை கேட்பதும் இதே கேள்வி: 'அறமெனப் படுவது யாதெனக் கேட்பின்'. விடை, உயிர்களுக்கெல்லாம் உணவும் உடையும் உறைவிடமும் தருவது. அதே காப்பியத்தின் ஆபுத்திரன் மதுரையில், சிந்தாதேவி கோயிலில் தங்கி, எடுத்த பிச்சையைக் கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், ஆதரவற்றவர், நோயாளிகள் அனைவரையும் 'வருக' என்று கூவி அழைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை உண்டான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது இங்கேதான். மாங்குளத்துத் தம்மமும் கோயில் வாசலில் கேட்கும் தர்மமும் இந்த இடத்தில் வந்து சேர்கின்றன.

ஒன்றாகாத இடம்: 'அனுபவக் கூறு' என்ற பௌத்தப் பொருளுக்கு அறம் என்ற சொல் பொருந்தாது. நீதி என்ற பொருளுக்கோ அறம்தான் பொருந்தும். மதுரைக்காஞ்சி நம் ஊர் நீதிமன்றத்தை 'அறங்கூறு அவையம்' என்கிறது.

சமணர் மலை, யானைமலை, மாங்குளம்: இவை பௌத்தக் குகைகளா?

இல்லை, சமணம். மதுரையில் பௌத்தப் பள்ளியும் அமணப் பள்ளியும் அருகருகே இருந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது என்றாலும் மலைகளில் மிஞ்சியிருப்பவை சமணருடையவை. சிற்பத்தில் அடையாளம் காணும் வழி: தலைக்கு மேல் முக்குடை, உடலில் ஆடைக் கோடு இல்லை என்றால் தீர்த்தங்கரர். புத்தருக்குச் சீவர ஆடையின் விளிம்பு தோளிலோ கழுத்திலோ தெரியும், உச்சியில் முடிச்சு போன்ற புடைப்பும் இருக்கும். கீழக்குயில்குடி செட்டிப்புடவில் அமர்ந்திருப்பவரைப் பார்த்தால் முக்குடை உடனே கண்ணில் படும்.

சமணத்தில் தருமம் என்பதற்கு வேறெங்கும் இல்லாத ஒரு பொருளும் உண்டு: அசைவுக்கு ஊடகமான ஒரு திரவியம் (உலகின் அடிப்படைப் பொருள்களில் ஒன்று). மீனைத் தண்ணீர் தள்ளுவதில்லை, ஆனால் தண்ணீர் இல்லாமல் மீன் நீந்தாது. அப்படி. வழிப்போக்கன் தங்கி நிற்க நிழல் உதவுவதுபோல் நிலைக்கு உதவுவது அதருமம். இங்கே அதருமம் என்றால் பாவம் என்று படித்தால் அந்தப் பக்கமே புரியாது.

'சனாதன தருமம்' இந்துக்களுக்கு மட்டும் உரிய சொல்லா?

பழைய வழக்கில் இல்லை. 'உண்மை பேசு, இனிமையாகப் பேசு' என்ற மனுநூல் பாடல் (4:138) 'இது சனாதன தருமம்' என்று முடியும். 'பகையால் பகை தணியாது, பகையின்மையாலேயே தணியும்' என்ற தம்மபதம் 5 'இது சனந்தன தம்மம்' என்று முடியும். இரண்டிலும் 'தொன்றுதொட்ட நெறி' என்றே பொருள். ஒரு மதத்தின் பெயராக அது பரவலானது பிற்காலத்தில்.

அசோகர் பரப்பியது பௌத்தமா, பொது ஒழுக்கமா?

அவர் பௌத்தர். ஆனால் கல்வெட்டுகளில் புத்தர் துக்கத்தைப் பற்றிச் சொன்ன நான்கு வாய்மைகளோ நிப்பானமோ பேசப்படவில்லை. இரண்டாம் தூண் கல்வெட்டில் தம்மம் என்பது குறைந்த பாவம், மிகுந்த நன்மை, இரக்கம், கொடை, வாய்மை, தூய்மை. பாண்டியர் பெயர் 2ஆம், 13ஆம் பாறைக் கல்வெட்டுகளில் வருகிறது. 2ஆவதில் மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ ஏற்பாடு பற்றிய இடத்தில்.

சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். நூல்கள் சொல்லும் முறை ஏதும் உண்டா?

உண்டு. கீதை 17:20 முதல் 22 வரை கொடையை மூன்றாகப் பிரிக்கிறது. திருப்பி எதிர்பார்க்காமல், தகுந்த இடத்தில், தகுந்த நேரத்தில், தகுந்தவருக்குத் தருவது சாத்துவிகம். பலனையோ பதில் உதவியையோ குறிவைத்தது ராசசம். மரியாதை இல்லாமல், இகழ்ச்சியோடு தருவது தாமசம். அங்குத்தர நிகாயம் கொடுப்பவரின் மனத்தை மூன்று வேளையில் பார்க்கிறது: கொடுக்கும் முன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்த பின் நிறைவு. மறுமைக்கு முதலீடு செய்பவனைப் புறநானூறு (134) 'அறவிலை வணிகன்' என்றது.

இதைப் பந்தலுக்குக் கொண்டுவந்தால்: அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டம் தாகத்தில் தவிக்கும் இடம் எதுவோ அதுவே தகுந்த இடம், பேனர் நன்றாகத் தெரியும் முனை அல்ல. 1 லிட்டர் கெட்டித் தயிருக்கு 4 லிட்டர் குடிநீர். 200 மில்லி தம்ளரில் 25 பேருக்கு வரும். 500 பேருக்கு 20 லிட்டர் தயிர், 80 லிட்டர் நீர். உப்பு 5 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை நசுக்கிப் போடலாம். பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரே காரணத்தால்: அதிகாலையிலேயே மொத்தத்தையும் கரைத்து வைப்பது. சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கே புளித்துவிடும். தயிரைப் பனிக்கட்டியில் வைத்து, 20 லிட்டர் 20 லிட்டராகக் கரையுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் தம்ளரும் கழுவ இரண்டு தொட்டியும் போதும். உணவு தருவதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு வரவழைக்கும் மோர் எந்த நூலின்படியும் தருமம் ஆகாது. வாங்குபவரிடம் "வரிசையில நில்லு" என்று அதட்டுவது அந்தத் தம்ளரைத் தாமசத்தில் சேர்த்துவிடும்.

ஒரு வரியில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒருமையா பன்மையா என்று பாருங்கள். பௌத்த நூலில் பன்மை என்றால் 'கூறுகள்' என்று போட்டுப் படியுங்கள். இந்து நூலில் பன்மை என்றால் 'கடமைகள்'. பிறகு முன்னொட்டு: ராஜ, ஸ்திரீ, ஆபத், சுவ என்று ஏதேனும் ஒட்டியிருந்தால் இன்னாருக்கு, இன்ன நிலைக்கு உரிய கடமை. எதிர்ச்சொல் பக்கத்தில் இருந்தால் அதுவும் துப்பு. அதருமம் நின்றால் நெறி, சங்காரம் நின்றால் கூறு, பொருளும் இன்பமும் நின்றால் புருஷார்த்தம். கடைசியாக, ஊகித்த பொருளை அந்த இடத்தில் வைத்து வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். இடறினால் அடுத்ததைப் போடுங்கள்.

மாங்குளம் கல்வெட்டை நேரில் பார்க்கலாமா?

பார்க்கலாம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மீனாட்சிபுரம் என்று கேட்டால் வழி சொல்வார்கள். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதியில் இந்தக் கிராமமும் சேர்ந்தது. மேலே கடை கிடையாது, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். எழுத்துகள் பாறையின் நிறத்திலேயே இருக்கும். உச்சி வெயிலில் கண்ணுக்குப் படாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது பள்ளங்களில் நிழல் கட்டி எழுத்து எழும்பி வரும். சுண்ணாம்பு தடவுவதும், சாக்பீஸால் வரைந்து படமெடுப்பதும் கல்லைக் கெடுக்கும். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.